அங்கத்தினர் பெயரேடு

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்து அங்கத்தினர் பெயரேட்டைக் கணினியில் ஏற்றுவதென்று நிர்வாக சபையார் தீர்மானித்திருக்கின்றனர். அவ்வேடு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்குக் கணினியில் யாது தொழில் என்று உங்களிற் சிலர் கருதலாம். கருவியைக் கையாளும் பணியை இளைஞர்கள் நன்றாகச் செய்வார்கள். அதில் யான் தலையிடப் போவதில்லை. ஆயின், ஓர் ஏட்டில் எந்தச் செய்தியை எழுதுவது, அதற்கு என்ன பெயரிடுவது, எதனை எழுதாது விடுவது என்பனவெல்லாம் சொல்லும் பொருளும் பற்றிய ஆராய்ச்சி. சபையார் கூடி அதனை ஆராயாமல், கருவி காட்டுகின்ற கட்டங்களையெல்லாம் நிரப்பத் தொடங்குவோமாயின், பழைய ஏட்டின் குறைகள் புதிய ஏட்டிலும் குடிபுகும்.

பழைய ஏட்டின் பெருங்குறை யாது? அது குடும்பத் தலைவர் பெயரால் அமைந்தது. ஒரு வரிக்கு ஒரு தலைவர், அவர்தம் விலாசம், சந்தா செலுத்திய தேதி, ஓரத்திலே ‘மனைவி, மக்கள் 3’ என்பதுபோல ஒரு குறிப்பு. தலைவர் காலமானால் அவ்வரியின்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இடப்பெறும். அடுத்த மாதம் முதல் நம் இதழ் அவ்வீட்டிற்குச் செல்வதில்லை. பின்னர்ப் பள்ளி திறக்குங் காலத்தில், கல்வி உதவி வேண்டுவோர் விண்ணப்பிக்கலாம் என்னும் அறிவிப்பு எல்லா வீடுகளுக்கும் போகின்றது. தகப்பனை இழந்த அப்பிள்ளைகளின் வீட்டிற்கு மட்டும் போகவில்லை. எவர் பொருட்டு அந்நிதி ஏற்பட்டதோ அவர்க்கே செய்தி எட்டாமற் போகின்றது. எழுத்தர்மேல் இதற்காகக் குற்றங்கூற இடமில்லை. ஏடு எவ்வாறு அமைந்ததோ அவ்வாறே அவர் எழுதினார். இறந்தவர் ஒருவர், ஏட்டிலிருந்து மறைந்தவர் ஐவர்.

ஆதலின், வீட்டிற்கு ஒரு வரி என்பதை விடுத்து ஆளுக்கு ஒரு பதிவு என்று கொள்ளல் வேண்டும் என்பதே யான் இன்று வற்புறுத்த வந்த செய்தி.

இது புதுமையன்று. இற்றைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ்நாட்டில் இத்தகைய ஏடு ஒன்று எழுதப்பெற்றிருக்கின்றது. ஓலையில் அன்று, கல்லில். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனது 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று, கோயிற் பணிக்கெனப் பல ஊர்களினின்றும் கொணர்ந்து குடியேற்றப்பெற்ற நானூறு பெண்டிரைக் கணக்கிட்டுரைக்கின்றது. எந்தத் தெரு, அத்தெருவில் எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு, வீட்டிலிருப்பவள் பெயர் யாது, முன்னர் எந்த ஊரில் எந்தக் கோயிலைச் சார்ந்தவள் என்று ஒவ்வொருத்திக்கும் தனித்தனியே எழுதப்பெற்றுள்ளது. ஒருத்திக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் பங்கு. எல்லார்க்கும் நக்கன் என்பதே முன்பெயராக வருதலானும், பின்வரும் பெயர்களும் பலர்க்கு ஒன்றாயிருத்தலானும், அவர்களைப் பிரித்தறிதற்கு வீட்டெண்ணும் பழைய ஊரும் உதவுகின்றன. பங்கு பெறுபவள் இறந்தாலும் ஊர்விட்டுச் சென்றாலும் அப்பங்கு தகுதியுடைய உறவினர்க்கு எவ்வாறு சேரவேண்டும் என்னும் விதியும் அக்கல்லிலேயே உண்டு. அப்பெண்டிர் தம் விருப்பத்தால் வந்தவரோ அல்லரோ என்பது வேறு வினா. கல் அதனைச் சொல்லவில்லை. ஏட்டமைப்பின் அளவில் நோக்கினால், ஆளுக்கு ஒரு பதிவு, இருக்கும் இடம் வேறு, பூர்வீக ஊர் வேறு, இறந்தபின் செய்வது யாது என்னும் விதி ஆகிய இவை யாவும் அங்கே அமைந்து கிடக்கின்றன. நம் சந்தாப் புத்தகத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை.

நிற்க. கணினியில் ஏற்றுதல் என்றவுடன் பலரும் எக்ஸல் முதலிய அட்டவணைகளையே நினைக்கின்றனர். ஐம்பது பெயர்களுக்கு அது போதும். எனினும் அதன் குணங்களை அறிந்து கொள்ளுதல் நன்று. திருநெல்வேலித் தொலைபேசிக்கு உரிய 0462 என்பதை எழுதினால், முன்னிற்கும் சுழியம் பொருளற்றதென்று எண்ணி அதனை அழித்துவிடும். நாட்டெண்ணோடு கூடிய கைபேசி எண்ணை எழுதினால், அதனைப் பெரியதொரு தொகையாகக் கருதிச் சுருக்கிக் காட்டும். 1928இல் பிறந்த பெரியவர் ஒருவரது பிறந்த நாளை, ஆண்டுக்கு 28 என்று இரண்டு இலக்கத்தால் குறித்தால், அவரை 2028இல் பிறக்கப் போகிறவராக ஆக்கிவிடும். முற்பிறப்பு மறுபிறப்பு ஆராய்ச்சியில் நம் முன்னோர் வல்லவராயினும் இத்துணை விரைவாக முடிவு கட்டியதில்லை! தொலைபேசி எண் எண்ணன்று, எழுத்துத் தொடரே என்று அக்கட்டத்திற்கு முன்னதாகவே சொல்லி வைத்தலும், ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதுதலும் இதற்குப் பரிகாரம்.

அட்டவணையின் உண்மையான குறை இதனினும் ஆழமானது. ஒரு வரியில் ஒருவரை எழுதலாம்; அவர்க்கும் மற்றொரு வரியில் இருப்பவர்க்கும் உள்ள உறவை எழுத அதில் நல்ல வழியில்லை. அதற்கென அமைந்த மென்பொருள்கள் வேறு. அவற்றுள் சிவி சி.ஆர்.எம். என்பது பொதுநலச் சங்கங்களுக்கென்றே ஆக்கப்பெற்று 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. விலையின்றிக் கிடைப்பது, மூலநிரலும் வெளிப்படையானது. விலையில்லை என்றேனே ஒழியச் செலவில்லை என்று கூறவில்லை. அதனை ஏற்றிவைக்கும் வழங்கிக்கு வாடகை உண்டு. புதிய பதிப்பு வருந்தோறும் புதுப்பிக்கும் உழைப்பும் உண்டு. இவ்விரண்டிற்கும் ஆண்டு வரவுசெலவில் இடம் ஒதுக்காவிடின் தொடங்காதிருத்தலே நலம்.

அம்மென்பொருள் பதிவுகளை மூவகையாகப் பிரிக்கின்றது: தனியாள், வீடு, நிறுவனம். நம் வேலைக்கு இப்பிரிவு மிகவும் பொருந்தும். தகப்பனார், தாயார், மக்கள் மூவர் ஆக ஐவர்க்கும் ஐந்து பதிவுகள். அவர்கள் கூடிவாழும் வீட்டிற்கு ஒரு பதிவு. இவற்றை இணைப்பது உறவு. கணவன் மனைவி, பெற்றோர் மக்கள், வீட்டுத் தலைவர், வீட்டு உறுப்பினர் என்னும் உறவுகள் அதில் முன்னரே உள்ளன. வேண்டுமாயின் தாய்மாமன், காப்பாளர் என நாம் புதியனவும் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வோர் உறவுக்கும் தொடங்கிய நாளும் முடிந்த நாளும் குறிக்க இடமுண்டு. இதழை வீட்டின் பெயரால் அனுப்பலாம். ஒரே வீட்டிற்கு ஐந்து பிரதி போகாது. தலைவர் காலமாயினார் எனில் அவருடைய பதிவில் மட்டும் அக்குறிப்பும் தேதியும் இடப்பெறும். வீடு நிற்கின்றது, அம்மையார் நிற்கின்றார், பிள்ளைகள் நிற்கின்றனர். தகப்பனை இழந்த, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் எவரெவர் என்று ஜூன் மாதத்தில் வினவினால் ஏடு விடை சொல்லும். பழைய ஏட்டில் கோடிட்டு மறைத்த அதே செய்தி, புதிய ஏட்டில் உதவிக்கு வழிகாட்டும் செய்தியாகின்றது.

சந்தா விஷயத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சேர்ந்த நாளையும் தொகையையும் எழுதினால், எவர் நடப்பில் உள்ளவர், எவர்க்குத் தவணை கடந்தது, எவர் நின்றுவிட்டார் என்பவற்றை அதுவே தேதியைக் கொண்டு கணித்துக்கொள்ளும். ஆயுட்சந்தாதாரருக்கு வேறு வகை ஏற்படுத்தலாம். பொருளாளர் அவர்கள் இதனால் மகிழ்வார்கள் என்று நம்புகின்றேன்.

இனிப் பெயரைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். இஃது என் துறை. அம்மென்பொருள் மேனாட்டில் பிறந்தது. ஆகவே முதற்பெயர், இடைப்பெயர், குடும்பப்பெயர் என மூன்று கட்டங்களோடு வருகின்றது. தமிழர்க்குக் குடும்பப்பெயர் இல்லை; தலையெழுத்தே உண்டு. ஒருவர் தலையெழுத்தைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இடுவர்; மற்றொருவர் பெயரோடு சேர்த்து முதற்கட்டத்தில் இடுவர்; வேறொருவர் தம் பெயரைக் குடும்பப்பெயராக்கித் தகப்பனார் பெயரை முதலில் இடுவர். மூவரும் எழுதிய ஏட்டை அகரவரிசைப்படுத்தினால் மூன்று ஏடுகளைக் கலந்தது போலாகும். ஆதலின் முதற்கட்டத்தில் அவரவர் சொந்தப் பெயர்; மூன்றாவது கட்டத்தில் தலையெழுத்து; அவ்வெழுத்துக்குரிய முழுப்பெயருக்கு நாமே ஏற்படுத்தும் தனிக்கட்டம் ஒன்று. தலையெழுத்தை முன்னே வைத்துப் பெயரைக் காட்டும்படி அமைப்பை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு மென்பொருள் இடந்தருகின்றது. மு. என்பது முருகேசனா, முத்தையாவா, மூக்கையாவா என்று நம் எழுத்தர்க்குத் தெரியும். அவர்க்குப்பின் வருபவர்க்குத் தெரியாது. இக்காலத்தில் தாயின் பெயரெழுத்தையும் சேர்த்திடுவோர் உளர். அவர்க்கும் இவ்வமைப்பில் தடையில்லை.

பெண்களின் பெயரில் மற்றொரு சிக்கல் உண்டு. மணத்திற்கு முன்னர்த் தந்தையின் எழுத்து, பின்னர்க் கணவனின் எழுத்து என்று மாறுதலால், ஒரே அம்மையார் ஏட்டில் இருவராகத் தோன்றுவார். பள்ளிச் சான்றிதழில் ஒன்றும் வங்கிக் கணக்கில் மற்றொன்றுமாக இருப்பதும் உண்டு. பழைய எழுத்தையும் ஒரு கட்டத்தில் வைத்துக்கொள்ளுதலே வழி.

இருவரை ஒருவரென்றும் ஒருவரை இருவரென்றும் மயங்காதிருக்க, ஒப்புமை காணும் விதி அம்மென்பொருளில் உள்ளது. பெயர் ஒத்தால் இத்தனை மதிப்பு, தந்தை பெயர் ஒத்தால் இத்தனை, பிறந்த நாள் ஒத்தால் இத்தனை என்று நாம் குறித்துக் கொடுத்தால், கூட்டுத்தொகை ஓர் அளவை எட்டும்போது ‘இவ்விருவரும் ஒருவராகலாம், நோக்குக’ என்று அது காட்டும். மேனாட்டார் மின்னஞ்சல் விலாசத்திற்குப் பெருமதிப்புக் கொடுப்பர். நம் பெரியோர்களிற் பலர்க்கு மின்னஞ்சல் இல்லை. கைபேசி எண்ணுக்கும் பெருமதிப்புக் கொடுத்தல் ஆகாது. நம் வீடுகளில் ஓர் எண்ணே நால்வர்க்கும் வழங்குகின்றது. பெயர், தந்தை பெயர், பூர்வீக ஊர் மூன்றும் ஒத்தால் நோக்குக என்று வைப்பதே தகும். மொய் எழுதுவோர் நெடுங்காலமாக இவ்விதியையே கைக்கொண்டு வருகின்றனர்; ஊர்ப்பெயரையும் தகப்பன் பெயரையும் பட்டப்பெயரையும் கேட்ட பின்னரே அவர்கள் தொகையை எழுதுகின்றனர். முடிவு செய்வது மட்டும் எப்போதும் மனிதராகவே இருக்கட்டும். சண்முகமும் ஷண்முகமும் ஒருவர்தாமா என்பதை ஊரார் அறிவர், கருவி அறியாது.

எழுத்தைப் பற்றி ஒரு சொல். பழைய தட்டச்சுக் கோப்புகள் பல, ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் உள்ளன. தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்னும் குறிமுறைகளையும், 2010இல் ஒருங்குறியையும் ஏற்றது. முந்தியவற்றை மாற்றாது ஏற்றினால் பொருளற்ற குறிகளே தோன்றும். ஒருங்குறியிலும் இலக்கணம் பயின்றோரை வருத்துவது ஒன்றுண்டு: அதன் எண்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், வகரம் ழகரத்திற்குப் பின்னும் நிற்கின்றன. எண்வரிசையையே பின்பற்றும் கருவி தரும் அகரவரிசை நெடுங்கணக்கோடு ஒவ்வாது. அச்சிடுமுன் பார்த்துக்கொள்க.

விலாசத்தில் இரண்டு வேண்டும்: இருக்கும் ஊர், பூர்வீக ஊர். முன்னது மாறும்; பின்னது மாறாது. மாவட்டப் பெயரை மிகுதியாக நம்புதல் வேண்டா. இராமநாதபுரத்தினின்று 1985இல் விருதுநகரும் சிவகங்கையும் பிரிந்தன. திருநெல்வேலியினின்று 2019இல் தென்காசி பிரிந்தது. நாகப்பட்டினத்தினின்று 2020இல் மயிலாடுதுறை பிரிந்தது. வீடு பெயராமலே மாவட்டம் பெயர்ந்த குடும்பங்கள் நம்முள் எத்தனை! 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஏற்பட்ட ஆறிலக்க அஞ்சற் குறியெண்ணைத் தவறாது எழுதுக. பூர்வீக ஊரை அவரவர் விருப்பப்படி எழுத விடாமல், முன்னரே தொகுத்த ஊர்ப்பட்டியலிலிருந்து தெரிந்தெடுக்கும்படி அமைத்தல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடின் ஓரூர் ஐந்து எழுத்துப் பிழைகளோடு ஐந்து ஊராகும்.

இதுகாறும் கூறியவற்றில் சபையில் கருத்து வேறுபாடு எழாது என்று எண்ணுகின்றேன். இனிக் கூறுவதில் எழலாம்.

நாமே புதிய கட்டங்களை ஏற்படுத்திக்கொள்ளலாம் என்று அறிந்தவுடன், ஒவ்வொருவரும் ஒவ்வொரு கட்டம் கேட்கத் தொடங்கிவிட்டனர். உட்பிரிவு ஒருவர் கேட்டார், நட்சத்திரமும் இராசியும் ஒருவர், நிலபுலம் ஒருவர், மாத வருமானம் ஒருவர், ஆதார் எண் ஒருவர். யான் அவர்களைத் திருப்பிக் கேட்டது ஒன்றே: இதனைக் கொண்டு சங்கம் என்ன வேலை செய்யப்போகிறது? அவ்வேலையைச் செய்பவர் யார்? விடை சொல்லக்கூடியதாயின் கட்டம் இருக்கட்டும், இல்லையேல் வேண்டா. கல்வி உதவி நாடும் மாணவர்க்கு வகுப்பும் பள்ளியும் வருமானமும் கேட்பது முறை. அவற்றை மாணவர் என்னும் உள்வகைக்கு மட்டும் தோன்றும்படி அமைக்கலாம். எண்பது வயதுப் பெரியவரை எந்த வகுப்பு என்று கேட்க வேண்டுவதில்லை. இரத்தப் பிரிவைக் கொடையளிக்க உடன்பட்டோரிடம் மட்டும் கேட்கலாம். மணமாலைச் செய்திகள் வேறோர் ஏட்டில், வேண்டியோர் கொடுத்தால் மட்டும். உட்பிரிவால் சங்கத்திற்கு ஆகவேண்டிய பணி ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஒன்றாகச் சேர்வதற்கு ஏற்பட்ட சங்கம் பிரித்து எண்ணுவதற்கு ஏடு வைப்பானேன்?

வேறு சமூகத்தில் மணம் புரிந்து சென்ற நம் மகளிரின் பதிவை நீக்கிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். வாக்குரிமை எவர்க்கு என்பதை விதிகள் சொல்லும். அதனை மாற்றுதலும் மாற்றாதிருத்தலும் பொதுச் சபையின் உரிமை. பெயரேட்டில் நாம் எழுதுவது உறவு. ஒரு பெண் இன்னார்க்கு மகள் என்பது அவள் மணத்தால் அழிவதில்லை. தாயார் நோயுற்றிருக்கையில் எவர்க்குத் தெரிவிப்பது என்று ஏட்டைப் புரட்டும்போது, அம்மகளின் எண் அங்கே இருத்தல் வேண்டும்.

பெயரேடு நன்மைக்கு மட்டும் பயன்படுவதன்று. கொழும்பில் 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தமிழர்மீது நிகழ்ந்த கொடுமைகளின்போது, வாக்காளர் பட்டியல்களைக் கையிற் கொண்ட கும்பல்கள் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றன. அப்பட்டியலைத் தொகுத்தவர் அதற்காகத் தொகுக்கவில்லை. ஒரு சமூகத்தாரின் பெயரும் தெருவும் கதவெண்ணும் ஓரிடத்தில் குவிந்துகிடந்தால், எடுப்பவன் எவன் என்பதைப் பொறுத்தே அதன் பயன். இஃது எங்கோ நிகழ்ந்தது என்று கருதற்க. தேர்தல் வருமுன்னர் ஏட்டின் படி ஒன்று வேண்டுமென்று வருவோர் உளர். மனை விற்போரும் காப்பீட்டு முகவரும் வருவர். அவர்களுள் நம் உறவினரும் இருப்பர், மறுப்பது கடினம். ஆகவே மறுப்பை ஒருவர்மேல் சுமத்தாமல் சபையின் தீர்மானமாக இன்றே எழுதி வைத்தல் வேண்டும்: ஏட்டின் படி எவர்க்கும், எக்காரணம் பற்றியும், கொடுக்கப்படமாட்டாது.

நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டில் இயற்றிய மின்னணுத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதனையொட்டியே செல்கின்றது. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி உடன்பாடு பெறுதல்; பிழை திருத்தவும் நீக்கவும் உரியவர் கோரினால் இணங்குதல்; பதினெட்டு வயது நிரம்பாதோர் செய்திக்குப் பெற்றோர் இசைவு பெறுதல்; இவை அதன் முதன்மையான கருத்துகள். மென்பொருளில் ‘தொலைபேசியில் அழைக்கற்க’, ‘பிறர்க்குக் கொடுக்கற்க’ என்று ஒவ்வொருவர் பதிவிலும் குறிக்க இடமுண்டு. எவர் எதனைப் பார்க்கலாம் என்பதையும் வரையறுக்கலாம். இதழ் அனுப்புவோர் விலாசம் பார்த்தால் போதும். மாணவர் வீட்டு வருமானத்தைக் கல்விக் குழுவினர் மூவரன்றிப் பிறர் காணவேண்டியதில்லை. அனைவர்க்கும் பொதுவாக ஒரு கடவுச்சொல் வைத்துக்கொள்ளலாம் என்னும் யோசனையை யான் ஒப்பேன். ஏடு கெடுமாயின் மீட்பதற்கு வேறோரிடத்தில் மாற்றுப்படி இருத்தல் வேண்டும். அதுவும் பூட்டப்பட்டதாக இருத்தல் வேண்டும். சட்டைப்பையில் விரலளவு கருவியில் ஏடு முழுவதையும் எடுத்துத் திரிவது வசதிதான். தொலைந்தால் யார் பொறுப்பு?

வேலையை எங்கே தொடங்குவது? ஓர் ஊரை மட்டும் எடுத்துக்கொண்டு முப்பது வீடுகளை எழுதிப் பார்ப்போம். எந்தக் கட்டம் வெறுமையாகவே கிடக்கின்றது, எதற்கு மக்கள் விடைசொல்லத் தயங்குகின்றனர், எந்த உறவுக்கு இடமில்லை என்பன அப்போது விளங்கும். ஆயிரம் பெயர் ஏறிய பின்னர்க் கட்டத்தின் வகையை மாற்றுதல் எளிதன்று. அட்டவணையிலிருந்து ஏற்றும்போது ஒருங்குறி காக்கும் யு.டி.எஃப்-8 வடிவில் சேமியுங்கள். இல்லையேல் தமிழெல்லாம் கேள்விக்குறியாகும். எழுதச் செல்லும் குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருத்தல் வேண்டும் என்பது என் வேண்டுகோள். எந்த வீட்டில் எவர் எவர்க்கு என்ன உறவு, எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டது என்பதை ஆடவர் கேட்டால் திண்ணையில் விடை கிடைக்கும். பெண்டிர் கேட்டால் அடுக்களையில் கிடைக்கும். அடுக்களை விடையே பெரும்பாலும் சரியானது.

பழைய சந்தாப் புத்தகங்களை எவரும் எறிந்துவிட வேண்டா. கடந்த பத்தாண்டுகளில் சிவப்புக் கோடிட்ட வரிகளை மட்டும் ஒரு தாளில் பெயர்த்தெழுதிக் காரியதரிசி அவர்கள் வாயிலருகே மேசைமேல் வைத்திருக்கின்றார்கள். உணவுக்குச் செல்லுமுன் அவரவர் ஊர்ப்பெயரை நோக்கி, அவ்வீட்டு அம்மையாரும் பிள்ளைகளும் இப்போது எங்கேயிருக்கின்றனர் என்று தெரிந்தவரையில் அங்குள்ள மாணவரிடம் சொல்லிச் செல்லுங்கள். அவர்களுக்குச் செய்தி அனுப்பி, அவர்தம் உடன்பாட்டைப் பெற்றுக்கொண்டு, புதிய ஏட்டின் முதற் பதிவுகளாக அவர்களையே எழுதத் தொடங்குவோம்.